போலகத்துக் குடியானவனின் வாக்கு

வாஞ்சூர் எல்லையைத் தாண்டி நாகூர்ப் பக்கம் போனால் அக்காலத்தில் அது இங்கிலீஷ்காரன் சீமை. இப்பால் பிரெஞ்சுக்காரன் சீமை. "அவர்களுக்கு முன்பே நமக்கு ஓட்டு வந்துவிட்டது" என்று போலகத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அப்பெருமையில் பொய்யில்லை. 1871-இல் பாரிஸ் மன்றத்துக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பிரெஞ்சிந்தியாவின் வயதுவந்த ஆண்களுக்கெல்லாம் கிடைத்தது. சென்னை மாகாணத்திலோ 1920-இல்கூடச் சொத்துள்ளவனே வாக்காளன்.

ஆனால் வாக்கு வழங்கப்படுவதும் அது மதிக்கப்படுவதும் ஒன்றல்ல. அதே ஆண்டுகளில் அமெரிக்காவை ஆண்டவர் யுலிசிஸ் கிராண்ட் (1869–1877). அவருடைய ஆட்சியை ஊழலுக்காக மட்டுமே நினைவுகூர்வது நம் பாடநூல்களின் வழக்கம். ஊழல் இருந்தது உண்மையே. ஆயினும் விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்கு 1870-இல் வாக்குரிமை வந்தபோது, அதைக் காப்பதற்கு நிர்வாகமும் வேண்டும் என்று அவ்வரசு உணர்ந்திருந்தது. நீதித்துறை அவ்வாண்டே அமைந்தது. 1871-இல் தென் கரோலினாவின் ஒன்பது மாவட்டங்களில், வாக்காளரை மிரட்டிய கு குளக்ஸ் கிளான் கும்பலை அடக்கப் படையே இறங்கியது. 1877-இல் அடுத்துவந்த ஹேஸ் படைகளைத் திரும்பப் பெற்றார். சட்டம் ஏட்டில் அப்படியே இருந்தது; வாக்குச்சாவடிக்குச் செல்லும் வழிதான் அடைபட்டது.

இங்கு நிகழ்ந்தது வேறு வகை. இங்கே மிரட்டியது கும்பல் மட்டுமல்ல, நிர்வாகமே வாக்கைப் பங்கிட்டது. 1880-இல் கொம்யூன்கள் பிறந்தன. போலகம் திருமலைராயன்பட்டினத்துக் கொம்யூனில் சேர்ந்தது. மேர், மன்றம் என்று எல்லாம் வந்தன. நான்கே ஆண்டுகளில், 1884-இல், வாக்காளர் மூன்று பட்டியல்களாயினர்: ஐரோப்பியர், இந்து அல்லது இசுலாமியத் தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர், ஏனையோர். ஒவ்வொன்றுக்கும் மூன்றில் ஒரு பங்கு இடங்கள். விரல்விட்டு எண்ணத்தக்க ஐரோப்பியரின் பங்கும், வயலில் நாற்று நட்ட ஆயிரக்கணக்கானோரின் பங்கும் ஒன்றே! 1899-இல் பட்டியல்கள் இரண்டாயின. ஆயினும் நிகரற்ற கணக்கு நெடுநாள் நீடித்தது. குடியரசு என்ற சொல்லைப் பாரிஸில் எவ்வளவு உரக்கச் சொன்னாலும், ஆளுநரை அனுப்பியவர்கள் அவர்களே. காரைக்காலில் அமர்ந்த நிர்வாகியும் அவருக்குக் கீழே.

இவற்றை நாம் இப்போது தோண்டுவதற்குக் காரணம் உண்டு. 1954 நவம்பர் 1-இல் ஆட்சி மாறியது. 1962-இல் சட்டப்படி இணைப்பு முடிந்தது. 1968-இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அடுத்தது எப்போது? 2006-இல். இடையே முப்பத்தெட்டு ஆண்டுகள். அம்மன்றங்களின் காலம் 2011-இல் முடிந்தது. 2021-இல் தேர்தல் அறிவிக்கப்பட்டு நிறுத்தப்பட்டது. பிரெஞ்சுக்காரன் வாக்கைக் கூறுபோட்டுக் கொடுத்தான் என்று குறைசொல்லும் நாம், அவன் தொடங்கிய கொம்யூன் மன்றத்துக்கு நமக்குக் கிடைத்த வாய்ப்புகளை ஒரு கைவிரல்களுக்குள் எண்ணிவிடலாம். தெருவிளக்கு எரியவில்லை, வாய்க்கால் தூர்ந்துவிட்டது என்று சொல்ல இன்று போலகத்தான் கொம்யூன் பஞ்சாயத்து ஆணையருக்கு மனு எழுதுகிறான். அம்மனுவில் நாமும் சென்ற ஐப்பசியில் கையெழுத்திட்டோம்.