மணிநெசவு: பொழுதுபோக்கா, புலமையா?

தமிழில் 'நூல்' என்னும் சொல் இழையையும் குறிக்கும், ஏட்டையும் குறிக்கும். பஞ்சினை இழையாக நூற்கும் பெண்ணின் தொழிலோடு, சொல்லினைச் செய்யுளாக ஆக்கும் புலவனின் தொழிலை ஒப்பிட்டுக் காட்டுகின்றது நன்னூலின் பாயிரம். அகநானூற்றைத் தொகுத்த நம் முன்னோர் அதன் இரண்டாம் பகுதிக்கு 'மணிமிடை பவளம்' என்றும், மூன்றாம் பகுதிக்கு 'நித்திலக் கோவை' என்றும் பெயரிட்டனர். பாட்டைத் தொகுப்பதும் மணியைக் கோப்பதும் ஒரே வகையான அறிவுச் செயல் என்று அவர்கள் கருதினர் போலும்.

இத்தகைய மரபில் வந்த நாம் இன்று பாசிமணி நெய்யும் ஒரு பெண்ணைப் பார்த்து, "பாவம், பொழுது போகவில்லை, ஏதோ செய்துகொண்டிருக்கிறாள்" என்று சொல்லிவிட்டுப் போகின்றோம். இச்சொல் சரிதானா என்று எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தறியும் கணக்கும்

மணிநெசவுக்குரிய தறி மிக எளிய கருவி. ஒரு மரச்சட்டமும், அதன் இரு முனைகளிலும் இழைகளை இடைவெளிவிட்டு நிறுத்தும் பற்களும் போதும். நீளவாக்கில் பாவு இழைகளைக் கட்டவேண்டும். குறுக்கே பன்னிரண்டு மணி வேண்டுமெனில் பாவு பதின்மூன்று இருத்தல் வேண்டும். ஒவ்வொரு மணியும் இரண்டு இழைகளுக்கு நடுவே அமரவேண்டும் அல்லவா? பின்னர், மெல்லிய நீண்ட ஊசியில் ஒரு வரிசைக்குரிய மணிகளைக் கோத்துப் பாவின் கீழே செலுத்தி, விரலால் மேல்நோக்கி அழுத்தி, ஒவ்வொரு மணியையும் அதனதன் இடைவெளியில் நிறுத்துவர். அடுத்து அதே ஊசியைப் பாவின் மேற்புறமாக மணிகளின் துளைகள் வழியே திரும்பச் செலுத்துவர். கீழே ஒருமுறை, மேலே ஒருமுறை என ஊடை இவ்வாறு இருமுறை ஓடினால்தான் வரிசை நிலைபெறும்.

மணிக்கட்டில் அணியும் ஒரு சிறு பட்டையைக் கணக்கிடுவோம். குறுக்கே 12 மணிகள், நீளத்தில் 80 வரிசைகள் என்று கொண்டால் மொத்தம் 960 மணிகள். ஊசி மணித்துளையில் நுழைவது 1,920 முறை. நெய்வதற்கு முன்னரே பருத்த மணி, மெலிந்த மணி, துளை கோணிய மணி ஆகியவற்றை விலக்கித் தேர்ந்தெடுக்க வேண்டும். கட்டமிட்ட தாளில் வரைந்த உருவை எண்ணாக மாற்றி, வரிசைதோறும் மனத்தில் நிறுத்த வேண்டும். ஒரு மணி நிறம் மாறிப்போனதை ஐந்து வரிசை கடந்தபின் கண்டால், அந்த ஐந்தையும் பிரிக்க வேண்டும். நெய்து முடித்தபின் எஞ்சும் பாவு நுனிகளைத் திரும்ப உள்ளே செலுத்தி மறைப்பது யாவற்றினும் கடினம். தொடங்கியவர் பலர் இவ்விடத்திலேதான் தறியை மூடிவைத்துவிடுகின்றனர்.

மூடிவைக்காதவரைப் பற்றியே நாம் பேசுகின்றோம். "இன்னும் ஒரு வரிசை மட்டும்" என்று சொல்லிக்கொண்டே நள்ளிரவு வரை அமர்ந்திருப்பவர் அவர். தாளில் வெறும் கட்டமாகக் கிடந்த உருவம், வரிசை வரிசையாகக் கண்முன் எழுந்துவரும் இன்பம் அவரை எழவிடுவதில்லை. யாப்பின் கட்டுக்குள் நின்றுகொண்டே தன் பொருளைச் சொல்லும் பாவலனின் இன்பத்திற்கும் இதற்கும் வேறுபாடு காண்பது அரிது.

மணியாலாகிய ஏடு

மணி நம் மண்ணுக்குப் புதியதன்று. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் கண்ணாடி மணிகள் செய்யப்பட்டதையும், நொய்யலாற்றங்கரைக் கொடுமணலில் கல்மணிகள் துளையிடப்பட்டதையும் அகழாய்வுகள் மெய்ப்பித்துள்ளன. ஆயினும், மணியை நெய்து அதனையே ஏடாகப் பயன்படுத்திய மக்களைக் காண நாம் வட அமெரிக்காவுக்குச் செல்லவேண்டும்.

அங்குள்ள தொல்குடியினருள் ஹோடினோஷோனி என்பார் மோஹாக், ஒனைடா, ஒனொண்டாகா, கயுகா, செனகா ஆகிய ஐந்து குடிகள் இணைந்த கூட்டமைப்பினர். பிற்காலத்தில் டஸ்கரோரா குடியும் இவர்களோடு சேர்ந்தது. கடற்சிப்பியின் ஊதாப் பகுதியையும், சங்கினத்தின் வெண்பகுதியையும் குழல்போன்ற சிறு மணிகளாக்கி, அவற்றைப் பட்டைகளாக நெய்தனர். 'வாம்பம்' என்று இவற்றை வழங்குவர். ஐந்து குடிகளின் ஒற்றுமையைக் குறிக்கும் ஹயவாதா பட்டையில் 38 வரிசை அகலமும் 173 வரிசை நீளமுமாக 6,574 மணிகள் உள்ளன. ஊதா நிலத்தின் நடுவே வெண்மரம் ஒன்றும், இருபுறமும் இவ்விரண்டு வெண்சதுரங்களும் ஒரு கோட்டால் இணைக்கப்பட்டு நிற்கின்றன. நடுமரம் ஒனொண்டாகா, சதுரங்கள் ஏனைய நால்வர்.

வாம்பம் எழுத்தன்று. எனினும், உடன்படிக்கை செய்யும்போது பட்டையைக் கையிலேந்திப் பேசுவதும், அதனைக் காப்போர் பின்னர் அதைப் பார்த்து உடன்படிக்கையின் பொருளை அவையில் எடுத்துரைப்பதும் அவர்தம் வழக்கம். நூலில் மணி கோத்த அப்பட்டையே அவர்களுக்கு நூலாயிற்று. நெடுங்காலம் நியூயார்க் மாநில அருங்காட்சியகத்தில் இருந்த ஹயவாதா பட்டை உள்ளிட்ட பன்னிரண்டு பட்டைகள் 1989இல் ஒனொண்டாகா குடியினரிடம் திருப்பி அளிக்கப்பட்டன. பொழுதுபோக்குப் பொருளை எவரேனும் இவ்வாறு கேட்டுப் பெறுவரோ? தம் வரலாற்றையே அவர்கள் கேட்டுப் பெற்றனர்.

ஆர்வம் கூலியாகுமா?

இனி நம் ஊர் நிலைக்கு வருவோம். நாம் சென்றிருந்த கைவினைக் கண்காட்சி ஒன்றில், மணித்தறியில் நெய்த பட்டைகளை ஓர் அம்மையார் விற்பனைக்கு வைத்திருந்தார். விலை கேட்ட ஒருவர், "வீட்டில் சும்மா இருக்கும்போது செய்ததுதானே அக்கா, பாதி விலைக்குக் கொடுங்கள்" என்றார். "சும்மா இருந்திருந்தால் இது வந்திருக்குமா தம்பி?" என்றார் அவர். அங்கு நின்ற எவரிடமும் அக்கேள்விக்கு விடை இல்லை.

கைவினைஞரின் ஆர்வத்தைப் புகழ்வதில் நாம் குறைவைப்பதில்லை. அப்புகழ்ச்சியே விலையைக் குறைக்கும் கருவியாகிவிடுவதுதான் கொடுமை. "ஆசைக்காகச் செய்கிறார், ஆகவே அதிகம் கொடுக்க வேண்டியதில்லை" என்பது நம் உள்ளத்தில் ஒளிந்திருக்கும் வாதம். ஆசையோடு அறுவை செய்யும் மருத்துவரிடமும், ஆசையோடு வாதாடும் வழக்கறிஞரிடமும் இவ்வாதத்தை நாம் சொல்வதில்லை. வீட்டிலிருந்து தொழில் செய்யும் பெண்ணிடமும், பேருந்து நிலையத்தில் பாசிமணி விற்கும் நரிக்குறவ மகளிரிடமுமே சொல்கின்றோம். ஆர்வம் தொழிலின் தரத்தை உயர்த்துமேயன்றி, உழைப்பின் மதிப்பைக் குறைக்காது.

"அச்சில் வார்த்த நெகிழிப் பட்டை கடையில் மலிவாகக் கிடைக்கும்போது இதற்கு யார் விலை கொடுப்பார்?" என்று கேட்கலாம். நியாயமான வினாவே. எல்லாரும் வாங்க வேண்டும் என்பது நம் கருத்தன்று. மலிவானது வேண்டுவோர் அதனையே வாங்கட்டும். ஆனால் கையால் நெய்ததை விரும்பி எடுத்தபின், இயந்திரப் பொருளின் விலையைக் காட்டிப் பேரம் பேசுதல் அறமன்று. மேலே சொன்ன சிறு பட்டையில் வரிசைக்கு இரண்டு நிமிடம் என்று வைத்துக்கொண்டாலும் நெய்வதற்கு மட்டும் 160 நிமிடம் ஆகும். மணி தேர்தல், பாவு கட்டல், நுனி மறைத்தல் இவற்றையும் சேர்த்தால் அரைநாள் உழைப்பு. மணியின் விலையை மட்டும் கொடுத்துவிட்டு அரைநாளை இனாமாகப் பெறுவது எவ்வகையில் நேர்மை?

செய்யத்தக்கன

கல்லூரிகளால் இங்குச் சில செய்ய இயலும். கண்காட்சி நடத்தும்போது விலைச்சீட்டில் செய்தவர் பெயரையும், செலவிட்ட நேரத்தையும் எழுதிவைக்கலாம். நேரத்தைப் படித்தவர் பாதி விலை கேட்கத் தயங்குவர். தமிழ்த்துறைக்கும் இதில் பணி உண்டு. பாவு, ஊடை, அச்சு, விழுது, நாடா என நெசவாளர் நாவில் வழங்கும் சொற்களை நம் மாணவர் நேரிற்சென்று கேட்டுத் தொகுக்கலாம். தறி நின்றுபோன வீட்டில் அச்சொற்களும் நின்றுபோகின்றன. தொகுக்கச் செல்லும் மாணவர், கைவினைஞரை ஆசிரியராகவும் தம்மைக் கற்பவராகவும் கருதிச் செல்லவேண்டும் என்பது மட்டுமே நம் வேண்டுகோள்.

நூற்பவளைப் புலவனுக்கு நிகராக நிறுத்திய மொழி நம்முடையது. அந்த ஒப்புமையை வகுப்பறையில் நயம் பாராட்டி நடத்திவிட்டு, கடைத்தெருவில் மறந்துவிடுதல் கற்றார்க்கு அழகன்று. அடுத்தமுறை ஒரு மணிப்பட்டையைக் கையில் எடுக்கும்போது, விலையைக் கேட்பதற்கு முன் அதன் வரிசைகளை ஒருமுறை எண்ணிப் பார்ப்போம்.