மோட்டார் கொட்டகையில் தச்சுப் பட்டறை

உதகமண்டலத்திலும் குன்னூரிலும் பழைய பங்களாக்களின் பின்புறம் போய்ப் பார்த்தவர்களுக்கு அந்தக் கட்டடம் பழக்கமானதே. முதலில் அது குதிரை லாயமாக இருந்தது. குதிரை போய் மோட்டார் வந்தது. லாயம் மோட்டார் கொட்டகையாயிற்று. இன்று அநேக வீடுகளில் காரை வாசலிலேயே நிறுத்திவிட்டு, கொட்டகையில் கால் உடைந்த நாற்காலி, பழைய பத்திரிகைகள், காலிப் பெயிண்ட் டப்பாக்கள் இவற்றைக் குடிவைத்திருக்கிறார்கள். அதில் பாதியை ஒழித்து ஒரு தச்சு மேஜை போட்டால் என்ன என்ற ஆசை, உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்கு மட்டுமன்றி வாலிபர்களுக்கும் உண்டாகியிருக்கிறது. நல்ல ஆசைதான். ஆனால் மலையில் தச்சு வேலை வேறு, சமவெளியில் தச்சு வேலை வேறு. இதை அறியாமல் இறங்கினால் பணமும் பாழ், மரமும் பாழ்.

எல்லாம் ஈரத்தில்தான் இருக்கிறது. வெட்டி அறுத்த பிறகும் மரம் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கிக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருக்கும். நீலகிரிக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. இடையில் மூடுபனி வேறு. மழை மாதங்களில் திறந்த கொட்டகையில் கிடக்கும் பலகையில் காய்ந்த மரத்தின் எடைக்கு நூற்றுக்கு 18 பங்கு வரை நீர் நிற்கும். அதே பலகை கோயம்புத்தூர்க் கோடையில் 10 பங்குக்கும் கீழே இறங்கிவிடும். ஆடியில் ஊட்டியில் செய்த மேஜையைச் சித்திரையில் கோவையிலுள்ள மகள் வீட்டுக்கு அனுப்பினால், ஒரு நாள் இரவு பட்டாசு வெடித்தது போலச் சத்தம் கேட்கும். காலையில் பார்த்தால் நடுவில் பிளவு! மரம் நீளவாக்கில் அனேகமாகச் சுருங்குவதில்லை, அகலவாக்கில்தான் சுருங்குகிறது. இரண்டடி அகலமுள்ள பலகை கால் அங்குலம் முதல் அரை அங்குலம் வரை குறுகினாலும் ஆச்சரியமில்லை.

நம் தச்சர்கள் இதை அறியாதவர்களா? பழைய வீட்டுக் கதவைக் கவனியுங்கள். நடுப்பலகைக்கு ஆணியும் இல்லை, பசையும் இல்லை. சட்டத்தில் பள்ளம் இழைத்து, பலகையை அதில் சும்மா நிறுத்தியிருப்பார்கள். சுருங்கினாலும் விரிந்தாலும் அதற்கு இடம் உண்டு. இந்த ஒரு வித்தையைக் கற்றுக்கொண்டவர் மலையில் பாதித் தச்சர் ஆகிவிட்டார் என்போம்.

ஆகையால் கொட்டகையில் முதற் செலவு இயந்திரத்துக்கு அல்ல, தரைக்கும் கூரைக்கும்தான். சிமெண்டுத் தரையின் மேல் பலகையை நேரே அடுக்கக் கூடாது. தரையிலிருந்து உயர்த்தி, ஒவ்வொரு பலகைக்கும் நடுவே சம கனமுள்ள குச்சிகளை வைத்துக் காற்றோட விட வேண்டும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் என்பது பழைய கணக்கு. ஊட்டிக் குளிரில் அதற்கும் மேலாகலாம். இழைப்புளி, உளி, வாள் இவற்றுக்கு எண்ணெய் தடவி வைக்காவிட்டால் ஒரே மழையில் துருவேறிவிடும்.

மரத்துக்கு எங்கே போவது? தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. சரியாக அறுத்தால் பலகையில் பின்னல் வேலை போன்ற அழகான ரேகைகள் தெரியும். கற்பூர மரம் மலிவு; ஆனால் காயும்போது முறுக்கிக்கொள்ளும், பிளக்கும். பழகாதவர் அதைத் தொடாமலிருப்பது மேல். சீகையும் பிளாக்வுட்டும் அதே கண்டத்திலிருந்து வந்து குடியேறியவைதாம். பிளாக்வுட்டில் அங்கே கிட்டாரே செய்கிறார்கள். இங்கே அடுப்பில் வைக்கிறோம். வயதான தேயிலைச் செடியைப் பிடுங்கினால் கிடைக்கும் முறுக்கேறிய அடித்தண்டு, சிறு மேஜைக்கு அருமையான கால்.

'என் கொல்லையில் நிற்கிற மரம், நான் வெட்டுகிறேன்' என்று யாரும் கோடரியைத் தூக்க வேண்டாம். 1955-ஆம் வருஷத்து மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் சொந்த நிலத்து மரத்துக்கும் பொருந்தும். குழுவின் அனுமதி வேண்டும். வாங்கும் மரத்துக்கு ரசீதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வதும் அவசியம். அந்நியக் களை மரங்களை அகற்றிச் சோலைகளையும் புல்வெளிகளையும் மீட்பதற்கென்று தமிழக அரசு 2022-இல் ஒரு கொள்கையே வகுத்தது. அப்படி அகற்றப்படும் மரத்தில் ஒரு சிறு பங்காவது விறகுக்கும் காகிதக் கூழுக்கும் போகாமல், உள்ளூர்ப் பட்டறைகளுக்கு நியாயமான விலையில் கிடைக்க வழி செய்தால் என்ன? இது நடக்காத காரியமல்ல. கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடி மக்கள் உண்ணிச் செடியின் தண்டுகளைக் கொண்டு ஆளுயரத்துக்கு மேற்பட்ட யானைகளையே செய்தார்கள். 2021-இல் அந்த யானைகள் லண்டன் பூங்காக்களில் நின்றன. யாருக்கும் வேண்டாத செடி!

தச்சு இந்த மலைக்குப் புதிதுமல்ல. கோத்தகிரியின் பெயரிலேயே இருக்கும் கோத்தர்கள், கொல்லு வேலையும் தச்சு வேலையும் செய்து தோடர்களுக்கும் படகர்களுக்கும் கருவிகள் கொடுத்து வந்தவர்கள். இன்று குன்னூர்க் கடைகளில் பிளைவுட் அலமாரி லாரியில் வந்து இறங்குகிறது. 1990-களின் பிற்பகுதியில் பச்சைத் தேயிலையின் விலை விழுந்தபோது சிறு விவசாயிகளின் குடும்பங்கள் பட்ட பாட்டை மலையில் யாரும் மறக்கவில்லை. அவர்கள் பிள்ளைகளில் பலர் திருப்பூருக்கும் கோவைக்கும் பஸ் ஏறினார்கள். கொட்டகையில் ஒரு பட்டறை அவர்களையெல்லாம் திருப்பி அழைத்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் சுற்றுலா வருகிறவர் தைலப் புட்டியுடன் உள்ளூர் மரத்தில் செய்த ஒரு முக்காலியையும் வாங்கிப் போனால், அந்தப் பணம் மலையிலேயே தங்கும். விற்பனைக்கென்று இயந்திரம் ஓட்டுகிறவர் மின் அலுவலகத்தில் முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளட்டும். அக்கம்பக்கத்தாரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடட்டும். மலையில் சத்தம் வெகுதூரம் கேட்கும்.

ஆபத்துகளையும் சொல்லியாக வேண்டும். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1995-இல் வகைப்படுத்தியது. குளிருக்குப் பயந்து ஜன்னலை அடைத்துக்கொண்டு ரம்பம் ஓட்டுகிறவர் இதை நினைக்க வேண்டும். மூக்குக்கு நல்ல முகமூடியும் தூளை உறிஞ்ச ஓர் ஏற்பாடும் தேவை. ஆளிவிதை எண்ணெய் தோய்த்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால், யாரும் நெருப்பு வைக்காமலே அது சூடேறித் தீப்பற்றும். அதை விரித்துத் திறந்த வெளியில் உலர்த்த வேண்டும். பக்கத்திலேயே கார், அதன் வயிற்றில் பெட்ரோல். ஆகவே இரண்டு பாதிக்கும் நடுவே செங்கல் தடுப்பு ஒன்று எழுப்பத்தான் வேண்டும். சாக்குத் திரை போதாது.

தடுப்புக்குப் பிறகு இடம் குறுகிவிடுமே என்றால், மேஜையைச் சுவரோடு கீல் போட்டு மடக்கலாம். ஒரு மேஜை, ஒரு இழைப்புளி, நான்கு உளி, ஒரு வாள், ஒரு கொட்டாப்புளி, மூலைமட்டம், சாணைக்கல். முதல் வருஷத்துக்கு இவை போதும். அந்த வருஷம் முழுவதும் அடுக்கி வைத்த பலகை காய்ந்துகொண்டிருக்கும். அதற்குள் உளியைத் தீட்டப் பழகிக்கொள்ளலாம்.