விழித்திருக்கும் இரவு

சினைக்குதிரை ஏறத்தாழ 340 நாட்கள் குட்டியைச் சுமந்து, பெரும்பாலும் இரவின் அமைதியிலேயே ஈனுகிறது. ஆகவே சிறு பண்ணையில் குதிரை வளர்ப்போர் அதன் மடியை நாள்தோறும் நோக்குதல் நன்று. காம்பு நுனியில் மெழுகுபோல் துளி உறையுமாயின், ஈனும் வேளை பெரும்பாலும் நெருங்கிவிட்டது. அன்றுமுதல் ஓசையின்றிச் சற்றுத் தொலைவில் நின்று காவல் காப்போம்.

நீர்க்குடம் உடைந்து அரைமணி நேரத்திற்குள் குட்டி பிறத்தல் இயல்பு. வெண்மையான சவ்வு முதலில் தோன்றினால் அஞ்ச வேண்டியதில்லை. மாறாகச் செந்நிறப் பை தோன்றினால், நஞ்சுக்கொடி முன்னரே பிரிந்து, குட்டிக்குப் பிராணவாயு குன்றுகிறது என்பது பொருள். மருத்துவருக்குச் சொல்லியனுப்பிவிட்டு, அவர் வரும்வரை காத்திராது, அப்பையை உடனே கிழித்துக் குட்டியை வெளிக்கொணர வேண்டும்.

பிறந்த குட்டி 2 மணி நேரத்திற்குள் சீம்பால் அருந்தட்டும். நோயெதிர்க்கும் ஆற்றல் அதிலிருந்தே கிடைக்கிறது. நாம் ஓரிரவு உறக்கத்தை இழப்பது பெரிதன்று. பதினொரு திங்கள் சுமந்த தாய் தன் குட்டியை இழப்பதே பெரிது.