காற்று பிரியும்வரை பட்டினியா?

"சிஸ்டர், இன்னும் காத்துப் பிரியல. தண்ணி குடுக்கலாமா?"

அறுவைச் சிகிச்சை வார்டில் இருபது வருடங்களாக நான் கேட்டுவரும் கேள்வி இது. கேட்பவர் பெரும்பாலும் நோயாளியின் அம்மா. நனைத்த பஞ்சால் மகளின் வறண்ட உதட்டைத் துடைத்துக்கொண்டே கேட்பார். தண்ணீர் பாட்டில் மகளுக்கு எட்டாத ஜன்னல் திண்டில் இருக்கும்.

வயிற்றைத் திறந்துவிட்டால் காற்று பிரியும்வரை பச்சைத் தண்ணீர்கூட ஆகாது, அசைந்தால் தையல் விட்டுவிடும் என்று ஊரே நம்புகிறது. இந்த நம்பிக்கை நோயாளிகளை வதைக்கிறது.

அறுவையில் உறங்கிப்போன குடல் முழுவதும் ஒரே நேரத்தில் விழிப்பதில்லை. சிறுகுடல் ஒரு நாளுக்குள் வேலையைத் தொடங்கிவிடும். இரைப்பைக்கு ஒன்றிரண்டு நாள். பெருங்குடல்தான் கடைசி, இரண்டு மூன்று நாள் எடுக்கும். காற்று பிரிவது அந்தப் பெருங்குடல் விழித்ததற்கான அடையாளம். அதற்காகக் காத்திருப்பது, கடைசியாக எழுபவருக்காக வீட்டில் எல்லோரையும் பட்டினி போடுவதற்குச் சமம். குடலுக்கு ஓய்வு என்கிறார்களே, அதுவும் நடப்பதில்லை. வாயில் ஒரு சொட்டு போகாவிட்டாலும் உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தம், கணைய நீர் என்று தினமும் பல லிட்டர் குடலுக்குள் இறங்கிக்கொண்டேதான் இருக்கிறது. அதைத் தாங்கும் தையல் ஒரு டம்ளர் கஞ்சித் தண்ணீருக்கா பிரியும்?

1899-லேயே சிகாகோவில் எமில் ரீஸ் என்ற மருத்துவர், வயிற்று அறுவை முடிந்த பெண்களை ஓரிரு நாளில் எழுப்பி நடக்கவிட்டார். 1990-களில் டென்மார்க்கின் ஹென்ரிக் கெலெட், சீக்கிரம் உணவு, சீக்கிரம் நடை, மார்ஃபின் வகை வலி மருந்தைக் குறைப்பது என்று எல்லாவற்றையும் ஒரே முறையாகச் சேர்த்தார். அந்த மருந்து குடலை மந்தமாக்கும். தேவைக்கு மேல் ஏற்றும் சலைனும், ரத்தத்தில் பொட்டாசியம் குறைவதும் அப்படித்தான். பட்டினி இவற்றில் எதையும் சரிசெய்யாது.

எழுப்புவதற்கு ஒரு பக்குவம் உண்டு. முழங்காலை மடக்கி ஒருக்களித்துப் படுக்கச் சொல்வேன். தையல்மேல் தலையணையை அணைத்துப் பிடித்து, முழங்கையை ஊன்றி, காலைத் தொங்கவிட்டு உட்காரவேண்டும். தலைசுற்றல் அடங்கிய பிறகே கால் தரையில் படலாம். நடந்தால் உடனே காற்று பிரியும் என்று நான் வாக்குக் கொடுப்பதில்லை. காலில் ரத்தம் உறைவதையும் நெஞ்சில் சளி கட்டுவதையும் நடை தடுக்கும், அதுவே போதும். சூயிங்கம் மெல்லச் சொன்னால் சிரிக்கிறார்கள். ஆனால் மெல்லும்போது சாப்பாடு வருவதாக நினைத்துக் குடல் அசையத் தொடங்குகிறது. சிசேரியன் ஆன தாய்மார்களிடம் இது நன்றாகவே பலிக்கிறது.

குடலில் ஓட்டை, அடைப்பு என்று அறுவை நடந்தவர்களின் கதை வேறு. அங்கே டாக்டர் சொல்வதே முடிவு. வயிறு உப்பி வாந்தி வந்தால் யாராக இருந்தாலும் சாப்பாட்டை நிறுத்திவிட்டு எங்களைக் கூப்பிட வேண்டும்.

இந்தப் பட்டினிப் பழியில் எங்களுக்கும் பங்குண்டு. "காத்துப் பிரிஞ்சா சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தது நாங்கள்தானே. அந்த அம்மாக்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்ததே நாங்கள்தான்.

சிக்கலில்லாத சிசேரியன் என்றால் 2 மணி நேரத்திலேயே வழக்கமான சாப்பாட்டைத் தொடங்கலாம் என்று 2019-இல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது. அறுவை முடிந்ததும் டாக்டரிடம் "எத்தனை மணிக்குத் தண்ணீர் கொடுக்கலாம்?" என்று கேளுங்கள். நேரத்தைச் சொல்லும்வரை விடாதீர்கள்.