காகத்தையும் எண்ணுவோம்

2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறையில் தமிழ்நாட்டில் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. மொட்டை மாடியோ ஏரிக்கரையோ, ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்டதையும் கேட்டதையும் ‘இ-பேர்ட்’ தளத்தில் பதிய வேண்டும். நம்மில் பலர் செய்வது வேறு. பூநாரை வந்தால் பதிவோம். மைனாவையும் காகத்தையும் யார் எழுதுவது என்று விட்டுவிடுவோம்.

ஆய்வாளருக்கு அந்தக் காகம்தான் வேண்டும். பார்த்த எல்லாவற்றையும் எழுதிய பட்டியலில் ஒரு பறவையின் பெயர் இல்லையென்றால், அன்று அது அங்கே தென்படவில்லை என்று கொள்ளலாம். நூறு பட்டியலில் எத்தனையில் ஒரு பறவை இடம்பெறுகிறது என்பதை ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட்டுத்தான் அது பெருகுகிறதா, அருகுகிறதா என்று கணிக்கிறார்கள். பொறுக்கியெடுத்த பட்டியல் இந்தக் கணக்குக்கு உதவாது.

சிட்டுக்குருவியையே எடுத்துக்கொள்ளுங்கள். செல்போன் கோபுரத்தால் அழிந்தது என்று மேடைதோறும் முழங்கினோம். 2020-இல் வெளியான இந்தியப் பறவைகள் நிலை அறிக்கையோ, பெருநகரங்களில் குறைந்தாலும் நாடு முழுவதும் அது ஏறக்குறைய நிலையாகவே இருப்பதாகச் சொன்னது. 2023-இல் வந்த அடுத்த அறிக்கை 942 இனங்களை ஆராய்ந்தது. அதன் அடித்தளம், ஏறத்தாழ 30,000 பேர் அளித்த 3 கோடிப் பதிவுகள். எந்தப் பல்கலைக்கழகமும் தனியாகத் திரட்ட முடியாத தரவு இது.

அமெச்சூர்களின் கணக்கை எப்படி நம்புவது என்று கேட்கும் பேராசிரியர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். இடத்துக்கும் பருவத்துக்கும் பொருந்தாத பதிவு வந்தால் கணினி அதைத் தனியே நிறுத்துகிறது. அந்தப் பகுதியை அறிந்த தன்னார்வலர் படம் கேட்கிறார், விளக்கம் கேட்கிறார். கல்லூரி அலமாரிகளில் தூசி படிந்து கிடக்கும் விலங்கியல் ஆய்வேடுகளின் களக்குறிப்புகளை இப்படிச் சரிபார்க்க யார் இருக்கிறார்கள்? பொதுப்பணத்தில் திரட்டிய அந்தத் தரவைப் பொதுவில் வைப்பது பல்கலைக்கழகங்களின் கடமை. பக்கத்துக் கட்டடத்திலிருக்கும் கணினித் துறை மாணவர்கள் அதை எண்மமாக்கலாம். வேட்டைக்கும் கடத்தலுக்கும் இலக்காகும் இனங்களின் இருப்பிடத்தை மட்டும் மறைத்தாக வேண்டும். ‘இ-பேர்ட்’ அதைச் செய்கிறது.

மிச்ச வேலை நம்முடையது. வரும் பொங்கலுக்குப் பள்ளி ஆசிரியர்கள் பிள்ளைகளை ஊர் ஏரிக்கு அழைத்துப் போகட்டும். எண்ணாமல் விட்டவர்களுக்கென்றே அந்தத் தளத்தில் ‘எக்ஸ்’ போடும் வசதி உண்டு. காகத்துக்கு நேரே அதைப் போட்டு நழுவாமல், ஏழோ பதினேழோ, எண்ணிப் போடுவோம்.