அறத்தொடு நிற்போர் யார்?

தகடூர் என்னும் பழம்பெயர் கொண்டது தருமபுரி. கிடைத்தற்கரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவைக்கு ஈந்த அதியமான் ஆண்ட மண் இது. தனக்கு வாய்த்த நீண்ட வாழ்நாளைப் பிறர்க்கு அளித்த வள்ளலின் மண்ணில், அன்பு கொண்ட இருவர் ஒருங்கே வாழ்ந்து மூப்படையும் பேறு ஏன் இத்துணை அரிதாயிற்று? இவ்வினாவை மாணவர்களும் ஆசிரியர்களும் சமுதாயப் பெரியோர்களும் ஒருசேர எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நம் முன்னோர் காதல் வாழ்வைக் களவு, கற்பு என இரு கூறாக வகுத்தனர். களவு என்பது மறைவொழுக்கம். ஆயினும் அம்மறைவுக்கு ஓர் எல்லை இருந்தது. ஊரில் அலர் எழும், தலைவி மெலிவாள், அந்நிலையில் தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தமையர்க்கும் உண்மையை உணர்த்துவர். இதனை 'அறத்தொடு நிற்றல்' என்று வழங்கினர். மறைந்து கிடந்த அன்பை வெளிப்படுத்தி, அதற்குத் துணைநிற்பதையே அறமெனக் கொண்ட இலக்கணம் நம்முடையது. உடன்போக்கில் சென்ற மகளைத் தேடிப் பாலை வழியே வருந்திச் செல்லும் செவிலியை, எதிர்ப்பட்டோர் தேற்றித் திருப்பியதைக் கலித்தொகை காட்டுகின்றது.

இன்றோ களவு கற்பாக மலர்ந்த பின்னும் மறைவு நீங்குவதில்லை. 2012ஆம் ஆண்டில் இம்மாவட்டத்தில் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த இளவரசன் என்னும் இளைஞர், வேறு சாதிப் பெண்ணொருவரை மணந்தார். நவம்பர் 7ஆம் நாள் அப்பெண்ணின் தந்தை தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அன்றே நத்தம், கொண்டம்பட்டி, அண்ணா நகர் ஆகிய குடியிருப்புகளில் 200க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டுத் தீக்கிரையாயின. பெங்களூருக்கும் திருப்பூருக்கும் சென்று உழைத்துச் சேர்த்த பொருளால் பலர் எழுப்பிய வீடுகள் அவை. 2013 ஜூலை 4ஆம் நாள் தருமபுரியில் இருப்புப்பாதை ஓரம் இளவரசனின் உடல் கிடந்தது. மூப்பு என்பதன் முதற்படியைக்கூட அவர் காணவில்லை.

இறந்தோரைப் பற்றி நாடு பேசிற்று. அஞ்சி மறைந்து, உயிர் தப்பி, முதுமையை எய்துவோரைப் பற்றிப் பேசுவார் யார்? அத்தகைய இணையர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். இருபது வயதில் ஊர்விட்டுப் போனவர்கள் அவர்கள். அயலூரில் வாடகை வீட்டுக்காரர் சாதியைக் கேட்கும்போதெல்லாம் ஒரு பொய்யைச் சொல்லியாக வேண்டும். தாயின் இறப்புச் செய்தி எட்டினாலும் முகம் காணச் செல்ல இயலாது. பிள்ளைகள் பாட்டன் பாட்டி பெயரறியாது வளர்வர். இளமையின் வலிமையால் இவற்றையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். அறுபதைக் கடந்த பின், இருவருள் ஒருவர் மறைந்தால், எஞ்சியவர்க்குத் தோள் கொடுக்கப் பிறந்தவீடும் இல்லை, புகுந்தவீடும் இல்லை. திருமணம் பதிவு செய்யப்படாதிருந்தால், வாரிசுச் சான்றுக்கும் கைம்பெண் உதவித்தொகைக்கும் அலுவலக வாயில்களில் அலைந்து, வாழ்நாளெல்லாம் காத்த மறைவை எழுத்தர்முன் எடுத்துரைக்க நேரும்.

மறுபுறம், ஊருக்கு அஞ்சி மகளைத் தலைமுழுகிய பெற்றோரும் முதுமை எய்துகின்றனர். மகளின் பெயரை வீட்டில் எவரும் உச்சரியார். ஆயினும் அடுத்த வீட்டுக் கைபேசி வழியே, கணவர் அறியாமல் மகளின் குரலைக் கேட்கும் தாயின் உள்ளம் நமக்குப் புரியாததன்று. காதலர் மறைத்ததைப் போலவே தாயும் தன் அன்பை மறைக்கின்றாள். சாதி இரு வீட்டு முதுமையையும் ஒருங்கே தனிமைப்படுத்துகின்றது.

சட்டம் இவ்வச்சத்தை மெல்ல உணர்ந்து வருகின்றது. 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம், முப்பது நாள் முன்னறிவிப்பை அலுவலகத்தில் பலரும் காண ஒட்டச் சொல்கின்றது. மறைந்து வாழ்வோர்க்கு அந்த அறிவிப்பே ஆபத்தாகலாம். 1967இல் அண்ணா ஆட்சியில் சுயமரியாதைத் திருமணத்திற்குச் சட்ட ஏற்பு வழங்கப்பட்டது. அம்மணத்திற்கு ஊரறிந்த விழா கட்டாயமன்று என 2023 ஆகஸ்ட் 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2018ஆம் ஆண்டுத் தீர்ப்பிலோ, அச்சுறுத்தப்படும் இணையர்க்குப் பாதுகாப்பு இல்லங்களும் மாவட்டந்தோறும் தனிப்பிரிவுகளும் அமைக்குமாறு அந்நீதிமன்றம் பணித்திருந்தது. இவை வரவேற்கத்தக்கன. எனினும் காவலர் துணை சில நாள்களுக்கே, முதுமையோ நெடியது. அதற்கு உறவு வேண்டும். உறவை எந்த நீதிமன்றமும் ஆணையிட்டுத் தர இயலாது.

"பெற்று வளர்த்தோரிடம் மறைத்தது பிழையன்றோ?" எனப் பெரியோர் வினவலாம். அவ்வினாவில் உள்ள வலி மெய்யானது. நிக்காஹ் ஊரறிய நடைபெற வேண்டும் என்பதை வலியுறுத்தும் சமுதாயம் நம்முடையது. மறைவை நாமும் விரும்புவதில்லை. ஆயினும் உண்மை சொன்னால் உயிர் போகும் என்னும் நிலையை உண்டாக்கிவிட்டு, உண்மை சொல்லவில்லை என்று குறைகூறுதல் நீதியாகாது. மறைவைப் பழிப்போர் முதலில் அச்சத்தைப் போக்கட்டும். தம் வீட்டு வாயிலிலிருந்தே அதனைத் தொடங்கட்டும்.

அறத்தொடு நிலையைத் தொல்காப்பியர் ஏழு வகையாகப் பகுத்தார். அவற்றுள் ஒன்று உண்மையை உள்ளவாறே கூறுதல். மாணவச் செல்வங்களே, தேர்வுக்காக அப்பகுதியைக் கற்கின்றீர்கள். உங்கள் தோழரோ தோழியோ அஞ்சி நிற்கும் நாளில், அலர் தூற்றுவோரோடு சேராது அறத்தொடு நில்லுங்கள். பெரியோர்களே, முப்பது ஆண்டுகளுக்கு முன் உங்கள் தெருவை விட்டுப் போனவர் எவரேனும் இருப்பின், அவர்தம் நரைத்த தலை உங்கள் வாயிலில் தோன்றும் நாளுக்காகக் காத்திராதீர்கள். நீங்களே ஒரு சொல் விடுத்து அழையுங்கள். நெல்லிக்கனி நம் கையில் இல்லை. ஆயினும் ஒருவர்தம் எஞ்சிய நாள்களை அச்சமின்றி வாழச் செய்யும் அச்சொல் நம் நாவில் உள்ளது.