ஏட்டிடம் மனம் திறங்கள், சகோதரியே!



1811ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள், பாரிஸ் நகரில், ஃபேன்னி பர்னி என்னும் ஆங்கில நாவலாசிரியையின் வலது மார்பகத்தை மருத்துவர்கள் அறுத்து அகற்றினர். அறுவைக்கு மயக்க மருந்து வழங்கும் வழக்கம் தோன்றாத காலம் அது. அத்தனை வேதனையையும் தாங்கியவர், அதன்பின் பல மாதங்கள் அதைப் பற்றிப் பேசவும் இயலாமல் தவித்தார். 1812இல், இங்கிலாந்திலிருந்த தம் சகோதரி எஸ்தருக்கு அனைத்தையும் விவரித்து ஒரு நீண்ட மடல் எழுதத் தொடங்கினார். எழுதி முடிக்கவும் மாதங்கள் ஆயின. எழுதியதைத் திரும்பப் படிக்கும் துணிவு அவருக்கு வரவில்லை. ஆயினும், நாவால் சொல்ல முடியாததை அவரது பேனா சொல்லி முடித்தது.

இன்று மருத்துவம் வெகுவாக வளர்ந்துவிட்டது. எனினும் நோய் குறையவில்லை. 2022இல் மட்டும் உலகில் சுமார் 23 லட்சம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. நம் நாட்டுப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோயும் இதுவே. கட்டியை மருத்துவர் அகற்றுவார். கீமோதெரபி, கதிர்வீச்சு எனச் சிகிச்சைகள் தொடரும். உள்ளத்தில் தங்கிவிட்ட அச்சத்தை யாரிடம் கொண்டு செல்வது?

நம் வீடுகளை எண்ணிப் பாருங்கள். பிள்ளைகள் பயந்துவிடுவார்களே என்று உம்மா அழுகையை அடக்கிக் கொள்கிறார். கணவரிடம் சொன்னால் அவர் உடைந்துபோவாரோ என்று தயங்குகிறார். மார்பகம் என்ற சொல்லையே வாய்விட்டுச் சொல்ல நாணுகிறார். நலம் விசாரிக்க வருவோர் ‘ஸபர் செய்’ என்று கூறிச் செல்கின்றனர். அவர்கள் நோக்கம் நல்லதே. ஆனால் பொறுமை என்பதைப் பேசாதிருத்தல் என்று பொருள் கொண்டு, அந்தப் பெண் இன்னும் ஊமையாகிவிடுகிறார்.

இத்தகைய மௌனத்துக்கு எழுத்து ஒரு வடிகாலாகுமா என்று அறிஞர்கள் ஆராய்ந்துள்ளனர். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் அவருடைய மாணவி சாண்ட்ரா பீலும் 1986இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு முன்னோடி. கல்லூரி மாணவர்கள் நான்கு நாட்கள், நாளுக்கு 15 நிமிடங்கள், தம் வாழ்வின் துயர நிகழ்வுகளை எழுதினர். நிகழ்வையும் அது தந்த உணர்வையும் சேர்த்து எழுதியோர், பின்வந்த மாதங்களில் மருத்துவரை நாடியது குறைந்திருந்தது.

2002இல் ஆனெட் ஸ்டான்டன் குழுவினர், தொடக்கநிலை மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்த 60 பெண்களிடம் இம்முறையைச் சோதித்தனர். ஒரு பிரிவினர் தம் ஆழ்மன உணர்வுகளை எழுதினர். மற்றொரு பிரிவினர் நோயினூடே கண்ட நன்மைகளை எழுதினர். மூன்றாம் பிரிவினர் நோய், சிகிச்சை பற்றிய விவரங்களை மட்டும் எழுதினர். மூன்று மாதங்களுக்குப் பின், உணர்வுகளை எழுதியோரின் உடல் உபாதைகள் மூன்றாம் பிரிவினரைவிடக் குறைந்திருந்தன. முதலிரு பிரிவினரும் நோய் தொடர்பாக மருத்துவரை நாடியதும் குறைவே. நோயைப் பற்றி நினைக்கவே விரும்பாத பெண்களுக்கு மட்டும், வேதனையை எழுதுவதைக் காட்டிலும் நன்மைகளை எழுதுவதே ஏற்றதாயிருந்தது.

ஆனால் எல்லா ஆய்வும் ஒரே விடை தரவில்லை. டென்மார்க்கில் 507 பெண்களிடம் நடத்தப்பெற்று 2013இல் வெளியான ஆய்வில், எழுத்தால் மனத்துயர் பொதுவாகக் குறைந்ததாகத் தெரியவில்லை. அமெரிக்காவில் வாழும் சீன வம்சாவளிப் பெண்கள் 96 பேரிடம் சியான் லூ குழுவினர் நடத்திய ஆய்வு 2017இல் வெளிவந்தது. குடும்பத்துக்குப் பாரமாகக் கூடாதென்று நோயை மறைக்கும் வழக்கம் அவர்களிடையேயும் உண்டு. அங்கு ஆறு மாதங்களுக்குப் பின் வாழ்க்கைத் தரத்தில் மேம்பட்டு நின்றோர், எதிர்பார்ப்புக்கு மாறாக, விவரங்களை மட்டும் எழுதிய பெண்களே!

ஆகவே, எழுத்து மருந்தன்று; ஓர் ஊன்றுகோல். எல்லார் கைக்கும் ஒரே கோல் பொருந்தாது. அழுகையை எழுதுவதா, ஆறுதலை எழுதுவதா, நடந்ததை மட்டும் எழுதுவதா என்பதை எழுதுகிறவரே தீர்மானிக்கட்டும்.

எப்படி எழுதுவது?

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். மூன்று அல்லது நான்கு நாட்கள், தனிமையில், 15 அல்லது 20 நிமிடங்கள் எழுதுங்கள். பிழை பார்க்க வேண்டாம். அடித்துத் திருத்த வேண்டாம். தமிழிலோ, மூத்த பெண்மணிகள் சிலர் பழகிய அரபுத் தமிழிலோ, கைக்கு வந்த எழுத்தில் எழுதுங்கள். மகளுக்குச் சொல்வது போலவும் எழுதலாம். இழந்த உறுப்புக்கு மடல் வரைவது போலவும் எழுதலாம். உணர்வை எழுத நெஞ்சு கனத்தால், எந்த நாளில் என்ன பரிசோதனை, மருத்துவர் என்ன சொன்னார் என்பதை மட்டும் எழுதுங்கள்.

எழுதிய சிறிது நேரம் மனம் கனப்பது இயல்பு. அந்தக் கனம் நாள்கணக்கில் தொடர்ந்தாலும், உறக்கம் கெட்டாலும், உயிரே வேண்டாமென்று தோன்றினாலும் எழுதுவதை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். ஏட்டை நம்பிச் சிகிச்சையை ஒருநாளும் கைவிட வேண்டாம்.

குடும்பத்தாருக்கு ஒரு சொல்

இந்த ஏடு பயன்படுவதும் படாமற்போவதும் பெரிதும் உங்கள் கையில் இருக்கிறது. யாரேனும் படித்துவிடுவார்கள் என்ற ஐயம் எழுந்தால், அந்தப் பெண் உங்களுக்காகவே எழுதத் தொடங்குவார். ‘நான் நலமாயிருக்கிறேன்’ என்று வாயால் சொன்ன அதே பொய்யைத் தாளிலும் எழுதிவைப்பார். பிறகு அவருக்கென்று எஞ்சிய ஒரே இடமும் பறிபோய்விடும்.

எனவே கணவர்களே, பிள்ளைகளே! அந்த இருபது நிமிடங்களுக்கு அடுப்படி வேலையை நீங்கள் ஏற்றுக் கொள்ளுங்கள். கதவைத் தட்டாதீர்கள். அவராக விரும்பிப் படித்துக் காட்டினால், குறுக்கிடாமல், அறிவுரை கூறாமல் கேளுங்கள். கிழித்தெறிய விரும்பினால் காரணம் கேட்காதீர்கள். தலையணைக்கடியில் அந்த நோட்டுப் புத்தகம் உங்கள் கண்ணில் பட்டால், திறவாமல் அங்கேயே வைத்துவிடுங்கள்.